ஸ்க்ரோல் சா வாங்க நினைக்கிறேன், எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஈரோட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மரவேலைக்கு நான் முற்றிலும் புதிது. ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன், ஞாயிறு மட்டும்தான் கைக்கு ஓய்வு. இரண்டு மாதத்துக்கு முன் மைசூருக்குப் போயிருந்தபோது ஒரு பட்டறையில் ஈட்டி மரப் பலகையில் வேறு வேறு நிற மரத் துண்டுகளைப் பதித்துப் படம் செய்வதைப் பார்த்தேன். அங்கே ஒருவர் நூல் மாதிரி மெல்லிய பிளேடு போட்ட கை ரம்பத்தால் ஒரு யானையின் தும்பிக்கையை அறுத்துக்கொண்டிருந்தார். வெட்டிய துண்டு பள்ளத்தில் உட்கார்ந்தபோது இடுக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து வேறு நினைப்பு இல்லை.

வீட்டில் டிரில் இருக்கிறது. ஒரு நண்பரிடம் ஜிக்சா (கையில் பிடித்து ஓட்டும் மின் ரம்பம்) இரவல் வாங்கி பிளைவுட்டில் ஒரு பூ வெட்டிப் பார்த்தேன். வளைவு வரும் இடமெல்லாம் சிராய் சிராயாகப் பிய்ந்து, உள்பக்கம் வெட்டவே முடியவில்லை. யூட்யூபில் பார்த்ததில் இதற்கு ஸ்க்ரோல் சாதான், அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழுமாக ஓடும் மேஜை ரம்பம்தான் சரி என்று புரிந்தது.

செய்ய ஆசைப்படுவது இரண்டே இரண்டு. வாசலுக்கு 'அன்பகம்' என்று ஒரு பெயர்ப்பலகை, சுமார் இரண்டரை அடி நீளம். அப்புறம் அம்மா மார்கழியில் போடுகிற சிக்குக் கோலம் ஒன்றை மரத்தில் வெட்டி சுவரில் மாட்ட வேண்டும். பட்ஜெட் 15,000 ரூபாய். படிக்கட்டுக்குக் கீழே 5 அடிக்கு 4 அடி இடம் இருக்கிறது. எந்த மெஷின் வாங்கலாம், எந்த பிளேடு, எந்த மரம்? அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் தையில் வருகிறான், அவனிடம் சொல்லி அங்கிருந்து எடுத்து வரச் சொல்லலாமா?


பட்டறை மூலை:

கோவையிலிருந்து எழுதுகிறேன், ஆறு வருடமாக இதே பைத்தியம். முதலில் அமெரிக்கா விஷயத்தை முடித்துவிடுவோம், வேண்டாம். அங்கே பலரும் பெயர் சொல்லும் டிவால்ட் 788 அருமையான மெஷின்தான், ஆனால் எடை 25 கிலோ வரும், பெட்டிக்கு 23 கிலோ என்று கொடுக்கிற விமானத்தில் அதை எப்படி ஏற்றுவான்? ஏற்றினாலும் அது 120 வோல்ட் மெஷின், நம் வீட்டில் 230. நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும், பழுதானால் பாகத்துக்கு அலைய வேண்டும். பிளேடு மட்டும் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு டஜன் பிளேடு ஒரு பேனாவின் எடை கூட இருக்காது. நம் ஊரில் நல்ல பிளேடு கிடைப்பதுதான் கஷ்டம்.

இப்போது முக்கியமான விஷயம். கடைக்காரர்கள் மோட்டார் வாட்டேஜ், மேஜை அளவு, விளக்கு, தூசி ஊதும் குழாய் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நீங்கள் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதில் பின் இல்லாத பிளேடு மாட்ட முடியுமா? ஸ்க்ரோல் சா பிளேடு 5 அங்குல நீளம், இரண்டு வகை. ஒன்றில் இரு முனையிலும் குறுக்காக ஒரு சின்ன ஆணி இருக்கும், அதுதான் பின் பிளேடு. கொக்கியில் மாட்டினால் போதும், சுலபம். ஆனால் உள்பக்கம் வெட்ட வேண்டுமென்றால் முதலில் டிரில்லில் துளை போட்டு அதன் வழியாக பிளேடை நுழைக்க வேண்டும், அந்த ஆணியும் சேர்ந்து நுழைய வேண்டும் என்பதால் துளை பெரிதாக வேண்டும். இன்னொரு வகையில் முனை வெறும் தட்டையாக இருக்கும், திருகு வைத்து இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒன்றரை மில்லிமீட்டர் துளை போதும், மெல்லிய பிளேடு என்றால் 1 மில்லிமீட்டரே போதும். சிக்குக் கோலத்தில் இரண்டு கோடு நெருங்கி வரும் மூலையில் பெரிய துளை போட்டால் கோலமே போய்விடும்.

நான் முதலில் வாங்கிய மெஷின் பின் பிளேடு மட்டும் ஏற்பது. விற்றவர் எல்லா பிளேடும் போடலாம் என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் வெறும் கொக்கிதான் இருந்தது. எட்டு மாதம் வைத்துக்கொண்டு அல்லாடிவிட்டுப் பாதி விலைக்குக் கொடுத்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் பட்ஜெட்டில் வருவது 16 அங்குல மெஷின்கள். வேறு வேறு பெயரில் விற்பார்கள், வார்ப்பைப் பார்த்தால் பல மெஷின் ஒரே அச்சு. 16 அங்குலம் என்பது பிளேடுக்கும் பின்னால் இருக்கும் தூணுக்கும் நடுவே உள்ள தூரம். பலகையைச் சுற்றித் திருப்பித்தான் வெட்டுகிறோம் என்பதால் அந்த தூரத்தைத் தாண்டிய பலகை இடிக்கும். உங்கள் இரண்டரை அடிப் பலகை இடிக்கத்தான் செய்யும், அதற்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் கட்டாயம் வேண்டும். பிளேடு நிமிஷத்துக்கு 400 முதல் 1600 தடவை வரை ஏறி இறங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும். மரத்துக்கு வேகம் வேண்டும், அக்ரிலிக் மாதிரி பிளாஸ்டிக்கை அதே வேகத்தில் வெட்டினால் உருகி, வெட்டின இடமே பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். ஜெர்மனியின் ப்ராக்ஸான் டிஎஸ் 460 நம் மின்சாரத்துக்கே கிடைக்கும், 460 மில்லிமீட்டர் ஆழம், 900, 1400 என்று இரண்டு வேகம்தான், ஆனால் நடுக்கம் மிகக் குறைவு. விலை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிவிடும், ஆசைப்பட வைக்க விரும்பவில்லை.

எந்த மெஷின் வாங்கினாலும் கனமான மேஜையில் போல்ட் போட்டு இறுக்குங்கள், அடியில் பழைய ரப்பர் ஷீட் ஒன்றை விரியுங்கள். தரையில் வைத்து ஓட்டிவிட்டு நடுங்குகிறது என்று மெஷினைத் திட்டுபவர்கள் நிறைய பேர்.


உப்புத்தாள்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் நான் வேறு மாதிரி சொல்வேன், மெஷினை மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள் தம்பி.

அப்பா ஆசாரி, நான் இப்போது தச்சு வேலை செய்வதில்லை, ஆனால் பட்டறையிலேயே வளர்ந்தவன். எங்கள் தெருமுனையில் ஒரு பத்தர் இருந்தார். மேஜை ஓரத்தில் ஒரு சின்னப் பலகையை நீட்டி வைத்து, அதன் நடுவில் 'வி' மாதிரி ஒரு வெட்டு. வெள்ளித் தகட்டை அதன் மேல் வைத்து, ரம்பக் கைப்பிடியைக் கீழே பிடித்து, செங்குத்தாக மேலும் கீழுமாக இழுப்பார். நீங்கள் மைசூரில் பார்த்ததும் இதே குடும்பத்து ரம்பம்தான். நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள், சில நூறு ரூபாய்க்குச் சட்டம் கிடைக்கும். அங்கே கிடைக்கும் பிளேடும் ஏறக்குறைய 5 அங்குலம்தான், பின் கிடையாது, நாளைக்கு மெஷின் வாங்கினாலும் அதில் மாட்டலாம். ஒன்று மட்டும், அது உலோகத்துக்கான நெருங்கிய பல். 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த மரத்தில் தூள் அடைத்துக்கொண்டு நகரவே நகராது, அதற்கு மர பிளேடு தனியாக வாங்க வேண்டும்.

பிளேடை மாட்டும்போது பல் கைப்பிடியைப் பார்த்து, அதாவது கீழ் நோக்கி இருக்க வேண்டும். இழுக்கும்போதுதான் வெட்டும். எந்தப் பக்கம் பல் என்று கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடி போட்டாலும் தெரியாது. விரல் நுனியைக் கீழிருந்து மேலாக மெதுவாகத் தடவுங்கள், பிடித்தால் சரியாக மாட்டியிருக்கிறது, வழுக்கினால் தலைகீழ். மெஷினுக்கும் இதே சோதனைதான். மாட்டிய பிறகு சுண்டிப் பாருங்கள். தம்பூரா தந்தி மாதிரி 'டிங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்று கேட்டால் இழுவிசை போதாது, வெட்டு பக்கவாட்டில் வயிறு தள்ளும், மேலே கோடு சரியாக இருக்கும், திருப்பிப் பார்த்தால் அடியில் வேறு படம் இருக்கும்.

கையில் அறுக்கும்போது பிளேடைத் திருப்பக் கூடாது, பலகையைத்தான் திருப்ப வேண்டும். கூர் மூலை வந்தால் முன்னே தள்ளாமல் அதே இடத்தில் மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டே மெதுவாகப் பலகையைச் சுழற்ற வேண்டும். இது கைக்கு ஒருமுறை வந்துவிட்டால் மெஷினில் உட்கார்ந்த முதல் நாளே வேலை நடக்கும். வராதவர்கள் மெஷின் வாங்கி பிளேடாக உடைத்துக்கொண்டிருப்பார்கள்.

சத்தமும் இல்லை, தூசியும் குறைவு. ராத்திரி ஒன்பது மணிக்குக் கூட உட்காரலாம்.


மதுரைத் தென்றல்:

கோலம் என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். நான் செய்வதே கோலப் பலகையும் பெயர்ப்பலகையும்தான், நாலு வருஷமாக விற்கிறேன். பெண்கள் யாராவது படித்தால், இந்த வேலைக்கு உடம்பு பலம் தேவையே இல்லை, பொறுமை இருந்தால் போதும், பயப்படாமல் வாருங்கள். முடியை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள்.

ஈரோட்டுக்காரரே, பெயர்ப்பலகையை ஒரே பலகையில் ஓட்டையாக வெட்டாதீர்கள். தமிழ் எழுத்துக்கு அது ஒத்துவராது. 'அன்பகம்' எடுத்துக்கொள்ளுங்கள். அ, ன, க இவற்றில் எல்லாம் மூடிய வளையம் இருக்கிறது, எழுத்தை ஓட்டையாக வெட்டினால் வளையத்துக்குள் இருக்கும் துண்டு பிடிப்பில்லாமல் கழன்று விழும். எழுத்தை நிறுத்தி வைத்து சுற்றியிருப்பதை வெட்டினால் ன், ம் இரண்டின் மேலும் உள்ள புள்ளி தனியாக விழும். ஆங்கில எழுத்துக்கு ஸ்டென்சில் மாதிரி நடுவில் பாலம் விடுவதைப் பார்த்து நம்மவர்களும் புள்ளிக்கு ஒரு குச்சி வைக்கிறார்கள், கண்ணுக்கு ஆகவே ஆகாது. எழுத்து எழுத்தாகத் தனித்தனியே வெட்டுங்கள், புள்ளியையும் தனியாக வெட்டுங்கள், எல்லாவற்றையும் இன்னொரு பலகையில் ஃபெவிகால் போட்டு ஒட்டுங்கள். இடைவெளி சரியாக வர, முதலில் முழுப் பெயரையும் காகிதத்தில் அச்செடுத்துப் பலகை மேல் வைத்து, அதன் மேலேயே எழுத்துகளை அடுக்கிப் பார்த்துவிட்டு ஒட்ட வேண்டும். இப்படிச் செய்தால் உங்கள் 16 அங்குலப் பிரச்சினையும் இல்லை, ஒவ்வொரு எழுத்தும் நாலைந்து அங்குலம்தானே. கொம்பும் காலும் உள்ள பெயர் யாராவது கேட்டாலும் இதே வழிதான்.

கோலத்துக்கு வருவோம். 5-க்கு 5 புள்ளி வைத்து ஆரம்பியுங்கள், பெரியது வேண்டாம். கோட்டின் அகலம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சிக்குக் கோலத்தில் ஒரு வசதி, கோடு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போவதால் உள்ளே இருப்பதை வெட்டி எடுத்தாலும் வலை மாதிரி தானே பிடித்து நிற்கும். இன்னொரு வசதி, புள்ளி வைக்கும் இடமேதான் டிரில் போடும் இடம். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு சன்னல். 25 புள்ளிக்கு 25, நாலு புள்ளிக்கு நடுவே வரும் கட்டம் 16, ஆக 41 துளை, 41 தடவை பிளேடைக் கழற்றி மாட்ட வேண்டும். அதனால்தான் பின் இல்லாத பிளேடு, அதுவும் மேல் பக்கத்தில் சட்டென்று கழற்ற முடிகிற பிடி உள்ள மெஷின் என்று சொல்கிறோம். நடுவில் இருப்பதை முதலில் வெட்டி, வெளி ஓரத்தைக் கடைசியில் வெட்டுங்கள். ஓரத்தை முதலில் எடுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள இடமே இருக்காது.

கோலத்துக்குக் கட்டி மரம் வேண்டாம், 6 மில்லிமீட்டர் பிளைவுட்தான். மரம் என்றால் நார் ஒரே பக்கம் ஓடும், கோடு அதற்குக் குறுக்காக வளையும் இடத்தில் பிஸ்கட் மாதிரி ஒடிந்துவிடும். பிளைவுட்டில் அடுக்குகள் மாறி மாறி ஓடுவதால் எல்லாப் பக்கமும் தாங்கும். ஆனால் விலை குறைந்த பிளைவுட்டின் நடு அடுக்கில் ஓட்டை இருக்கும், வெட்டி முடித்த பிறகுதான் பல் விழுந்த மாதிரி தெரியும். பலகையின் நாலு ஓரத்தையும் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். ஐஎஸ் 710 முத்திரை போட்ட, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் கெட்டிதான், ஆனால் அதன் கறுத்த பசை பிளேடின் பல்லைச் சீக்கிரம் மழுக்குகிறது என்பது என் அனுபவம். உள்ளே மாட்டும் பொருளுக்கு அது தேவையும் இல்லை. எழுத்துகளுக்குத் தேக்கு நன்றாக இருக்கும். நிலை, கதவு செய்யும் பட்டறையில் துண்டு துண்டாகக் கழித்துப் போடுவார்கள், கேட்டால் கொடுப்பார்கள். அதில் மணற்சத்து இருப்பதால் பிளேடு சீக்கிரம் போகும், போனால் போகட்டும், முகம் அவ்வளவு அழகாக வரும்.

மரத்தின் மேல் முதலில் மாஸ்கிங் டேப், அதன் மேல் பசைக் குச்சி தடவிக் காகிதம், அதற்கு மேல் பெட்டி ஒட்டும் கண்ணாடி டேப். கண்ணாடி டேப்பை விட்டுவிடாதீர்கள், அது இருந்தால் வெட்டு கருகுவது நன்றாகக் குறைகிறது. முடிந்ததும் மாஸ்கிங் டேப்பை உரித்தால் எல்லாம் ஒரே தோலாக வந்துவிடும், மரத்தைச் சுரண்ட வேண்டியதில்லை. தூசிக்கு நல்ல மாஸ்க் கட்டாயம். எம்டிஎஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) வெட்டுகிறவர்கள் துணி மாஸ்க்கோடு நிறுத்தக் கூடாது, அந்தத் தூள் மாவு மாதிரி, அதில் ஃபார்மால்டிஹைடு பசை வேறு.


பட்டறை மூலை:

தென்றல் அக்கா சொன்ன தனித்தனி எழுத்து, நான் பிறகு சொல்கிறேன் என்றது அதைத்தான். பிளேடு பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை, சொல்லிவிடுகிறேன்.

நம்பர் கூடினால் பிளேடு பெரிது. 6 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 1 அல்லது 3, முக்கால் அங்குலத் தேக்குக்கு 5 அல்லது 7. 5 நம்பர் என்றால் அகலம் சுமார் 1 மில்லிமீட்டர்தான், தடிமன் அதில் பாதி கூட வராது. ஆரம்பத்தில் 3, 5 இரண்டும் ஒவ்வொரு டஜன் போதும், பத்து வகை வாங்கிக் குழம்ப வேண்டாம். ரிவர்ஸ் டூத் என்று கேட்டு வாங்குங்கள், அடியில் உள்ள சில பற்கள் மட்டும் மேல் நோக்கி இருக்கும், அதனால் பலகையின் அடிப்பக்கம் பிய்யாது. ஸ்பைரல் பிளேடு நாலு பக்கமும் வெட்டும், பலகையைத் திருப்பவே வேண்டாம் என்று விளம்பரம் வரும். உண்மைதான், ஆனால் வெட்டிய ஓரம் கரடுமுரடாக இருக்கும், கோலத்துக்கு வாங்காதீர்கள்.

எல்லாப் புதியவர்களும் பதறும் ஒரு விஷயம். பலகையை நேராகத் தள்ளுவீர்கள், வெட்டு ஒரு பக்கமாகப் போகும். மெஷினில் கோளாறு இல்லை. பிளேடு செய்யும்போது ஒரு ஓரத்தில் மட்டும் பிசிறு நின்றுவிடும், அந்தப் பக்கம் அதிகம் கடிக்கும். பலகையைச் சில டிகிரி சாய்த்துத் தள்ளப் பழக வேண்டும், அரை மணி நேரத்தில் கை தானே சரிசெய்துகொள்ளும். மேஜை பிளேடுக்குச் செங்குத்தா என்று பார்க்க மெஷினில் ஒட்டியிருக்கும் அளவுகோலை நம்பாதீர்கள். ஒரு அங்குலத் தடிமன் கட்டையில் லேசாக ஒரு வெட்டு போடுங்கள், மெஷினை நிறுத்திவிட்டுக் கட்டையைப் பிளேடுக்குப் பின்பக்கம் கொண்டுபோய் அதே வெட்டில் நுழையுங்கள். மேலும் கீழும் ஒரே மாதிரி உட்கார்ந்தால் சரி. மூலைமட்டம் வைப்பதை விட இது நம்பகமானது.

பிளேடு உடையும், 'டப்' என்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். ஆனால் மேலே மாட்டியிருக்கும் பாதி ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், விரலை முதலில் எடுங்கள், அப்புறம் சுவிட்சை அணையுங்கள். பிளேடு மழுங்கிவிட்டால் நாமே அறியாமல் அழுத்தித் தள்ள ஆரம்பிப்போம். தோள் வலித்தால் பிளேடை மாற்றுங்கள்.


ஈரோட்டுக்காரன்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். உப்புத்தாள் அண்ணன் சொன்னதைக் கேட்டு நகைச் சாமான் கடையில் சட்டம் வாங்கினேன், மர பிளேடு ஆன்லைனில். 'வி' வெட்டுப் பலகையை நானே செய்து சாப்பாட்டு மேஜையில் சி கிளாம்ப் போட்டு இறுக்கினேன். 5-க்கு 5 கோலம், தென்றல் அக்கா சொன்ன மாதிரியே 41 துளை. மூன்று ஞாயிறு ஆனது. 11 பிளேடு உடைந்தது, அதில் 8 முதல் ஞாயிறன்றே.

முதல் சன்னல் வெட்டி அந்தச் சின்னத் துண்டு தரையில் விழுந்த சத்தத்தைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டேன். முடிந்ததும் டேப்பை உரித்து, 220 நம்பர் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி ஒவ்வொரு சன்னலாகத் தேய்த்து, அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா எதுவும் சொல்லாமல் மூலையில் ஒரு இடத்தில் விரலை வைத்துக் கோட்டின் மேலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். நடுவில் ஒரு இடத்தில் நின்று, "இங்க கோடு எது மேல எது கீழன்னு தெரியலையேடா" என்றார். உண்மைதான், தரையில் போடும்போது கை ஓடும் திசை தெரிகிறது, மரத்தில் கோடுகள் சந்திக்கும் இடம் எல்லாம் ஒரே தட்டையாக இருக்கிறது. இதற்கு என்ன செய்யலாம்?

இரண்டாவது கேள்வி, திருப்பூரில் ஒருவர் 16 அங்குல மெஷின் பழையதை விற்கிறார், 8,000 சொல்கிறார். ஞாயிறு போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?


மதுரைத் தென்றல்:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், கண் அப்படித்தான் இருக்கும். சந்திப்பில் அடியில் போகும் கோட்டின் மேல், மேல் கோட்டின் இரு ஓரத்தை ஒட்டிக் கூரான கத்தியால் பக்கத்துக்கு ஒரு கீறல் போடுங்கள், அரை மில்லிமீட்டர் ஆழம் போதும். பிறகு சின்ன உளியால் அடிக் கோட்டை அந்தக் கீறலை நோக்கிச் சரிவாகச் செதுக்குங்கள். பாய் பின்னல் மாதிரி தெரியும். ஒன்று மேலே போனால் அதே கோடு அடுத்த சந்திப்பில் கீழே போக வேண்டும், அதை அம்மாவை வைத்தே பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள்.


பட்டறை மூலை:

பின் இல்லாத பிளேடு நாலும் பிளைவுட் துண்டு ஒன்றும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அங்கே அவரை மாட்டச் சொல்லாதீர்கள், நீங்களே மாட்டுங்கள். பிடிக்கும் திருகுகளில் மரை தேய்ந்திருந்தால் இறுக்க இறுக்க பிளேடு நழுவும், பழைய மெஷினில் முதலில் போவது அதுதான். கரண்டை அணைத்துவிட்டு, பிளேடின் மேல் முனையைத் தாங்கும் மெஷினின் மேல் கையைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் விலையைக் குறைக்கக் கேட்கலாம், அதிகமாக இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். மேஜை மேல் ஒரு நாணயத்தை ஓரத்தில் நிற்க வைத்து வேகத்தை மெதுவாகக் கூட்டுங்கள், எந்த வேகத்தில் விழுகிறது என்று பாருங்கள். போல்ட் போடாத மெஷினில் நிற்காமல் போகலாம், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். குறைந்த வேகத்தில் மோட்டார் திணறி நிற்கிறதா என்பதையும் துண்டை வெட்டிக்கொண்டே பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் 8,000 அதிகமில்லை. மீதிப் பணத்தில் சித்தப்பா மகனிடம் 3 நம்பர் ரிவர்ஸ் டூத் மூன்று டஜன் சொல்லிவிடுங்கள்.


ஈரோட்டுக்காரன்:

சரி அண்ணா, பையில் எடுத்து வைத்துவிட்டேன். அம்மா நேற்றே பென்சிலால் எல்லா சந்திப்பையும் குறித்துவிட்டார், இரண்டு இடத்தில் நான் கோட்டைத் தப்பாக இணைத்திருக்கிறேனாம், அதற்கும் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அடுத்தது 7-க்கு 7.